தானாகக் குணமான மண்

தக்காளிச் செடி வளர்ப்பவர்கள் பலரும் செய்கிற தவறு, தொட்டியை விளிம்பு வரைக்கும் மண் போட்டு நிரப்பிவிடுவது. நாலு விரல் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றும்போது சேறு வழிந்து மாடியெல்லாம் ஓடும், அப்புறம் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். என் மாடியில் வரிசையாகத் தொட்டிகள் இருக்கின்றன. நீங்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தொட்டிகளுக்குள்தான் இருக்கிறது, அதனால்தான் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

பழைய தொழிற்பேட்டை நிலத்தில் இத்தனை வருஷமாக நல்லதென்று வந்துகொண்டிருந்த மண், இந்த முறை மட்டும் எப்படி இவ்வளவு கெட்டதென்று வந்தது என்று கேட்டீர்கள். மேலாளரையோ ஆய்வகத்துக் கெமிஸ்ட் அம்மாவையோ சந்தேகப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. இந்த விசாரணைக்கு என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். "நேர்மையா மண்ணெடுத்துக் குடுத்த ஒரே ஆளு நீங்கதான் சார்" என்று சொல்லி டீ வேறு வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த வாக்கியத்தை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி ஆகும். டீ நன்றாக இருந்தது.

என் வேலை மண் எடுப்பது. ஆலைகள் மூடிப்போன நிலத்துக்குப் போய், குறித்த இடங்களில் துளைக்கருவியை இறக்கித் திருகி, வருகிற மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, சீட்டு ஒட்டி ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்குப் பெரிய அறிவு தேவையில்லை, மண்ணைத் தொடுகிற தைரியம் போதும். எனக்கு அதுதான் இல்லை. சின்ன வயதிலிருந்தே கை கழுவிக்கொண்டே இருப்பேன். என் அக்கா எனக்கு வைத்த பெயர் 'சோப்பு'. எனக்குத் தலை நரைத்த பிறகும் நாலு பேர் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இப்படிப்பட்ட ஆள் இந்த வேலைக்கு ஏன் வந்தான் என்று கேட்கலாம். நேர்முகத் தேர்வில் 'சுத்தம் பிடிக்குமா' என்று கேட்டார்கள். பிடிக்கும் என்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

வேலையில் சேர்ந்ததும் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வகுப்பெடுத்தவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். முலாம் பூசுகிற ஆலையிலிருந்து வருகிற குரோமியத்தில் இரண்டு வகை உண்டு, ஒன்று சாது, இன்னொன்று புற்றுநோய் வரவழைப்பது என்றார். டிரம் கழுவுகிற இடத்துக் கசடு எண்ணெயும் அப்படித்தான் என்றார். இது நுரையீரலுக்குப் போகும், இது வயிற்றுக்குப் போகும், இது தோல் வழியாகவும் வரும் என்று, பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும் என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் அவ்வப்போது என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சில முறை ஒழுங்காகத்தான் எடுத்தேன். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முலாம் ஆலையின் பின்பக்கம் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் மஞ்சளாக இருக்கும், எலுமிச்சைச் சாறு மாதிரி, பார்க்க அழகாகவே இருக்கும். அந்த இடத்தில் புல் முளைக்காது. நாய் ஒன்று வரும், முகர்ந்து பார்க்கும், யோசித்துவிட்டுப் போய்விடும். அந்த நாய்க்கிருந்த சுதந்திரம் எனக்கு இல்லை.

ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு எடுத்துவந்த ஜாடிகளில் ஒன்று என் வீட்டு மாடிப்படியில் விழுந்து உடைந்தது. திரும்பப் பேட்டைக்குப் போக வேண்டும். வாசல்வரை போனேன். மழை வலுத்தது. மாடியில் தக்காளித் தொட்டி இருந்தது. வேறு ஜாடியில் தொட்டி மண்ணை அள்ளிப் போட்டுச் சீட்டை ஒட்டினேன். ஒரு ஜாடிதானே என்று நினைத்தேன். மற்ற ஜாடிகள் உண்மையைச் சொல்லப்போகின்றன, நடுவில் ஒன்று வாய் மூடிக்கொண்டிருந்தால் என்ன.

முடிவு வந்தபோது மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். மாட்டிக்கொண்டேன் என்றே போனேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. "இந்த ஒரு இடத்தப் பாத்தீங்களா. போன தடவ படு மோசம், இப்ப சுத்தமா இருக்கு. மண்ணு தானாவே ஆறிக்கிட்டு வருதுங்க" என்றார். இயற்கைக்குத் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் சக்தி உண்டு என்று அவருக்கு ரொம்ப நாளாக ஒரு நம்பிக்கை. அவருடைய முதுகு வலிக்கும் அவர் வைத்தியம் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து, இல்லை ஐயா அது தக்காளி மண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறர் சந்தோஷத்தைக் கெடுக்கிற பழக்கம் என்னிடம் கிடையாது.

அதற்கப்புறம் நடந்ததில் என் பொறுப்புணர்வை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரேயடியாக எல்லா ஜாடியிலும் தொட்டி மண்ணைப் போட்டிருக்கலாம், சோம்பேறி அப்படித்தான் செய்வான். நான் கடைசியாக ஒருமுறை பேட்டைக்குப் போய், ஒரு வாளி நிறைய உண்மையான மண்ணை அள்ளிக்கொண்டு வந்து, இறுக மூடி, மாடி மூலையில் வைத்தேன். ஒவ்வொரு பருவமும் அதில் கொஞ்சம், தொட்டி மண்ணில் கொஞ்சம் கலந்து ஜாடிகளில் அடைத்தேன். காயம் ஒரே நாளில் ஆறாதல்லவா. போன முறையைவிட இந்த முறை கொஞ்சம் குறைவாக, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் குறைவாக, சமையலில் உப்பைக் குறைத்துக்கொண்டே வருகிற மாதிரி செய்தேன். மேலாளர் அதை வரைபடமாகப் போட்டுச் சுவரில் மாட்டினார். அழகான கோடு, சறுக்குமரம் மாதிரி இறங்கும். வாளி காலியான அன்று மண் பூரணமாகக் குணமடைந்தது.

வேலை நடக்கிறது என்பதற்குப் புகைப்படம் கேட்பார்கள். அதற்காக மாடியிலேயே பூட்ஸ், முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு தொட்டியில் துளைக்கருவியை இறக்குவேன். பின்னால் வானம் மட்டும் தெரிய வேண்டும் என்பதால் என் மனைவி தரையில் உட்கார்ந்து படமெடுப்பாள். இப்போதெல்லாம் நிறையப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள், அதுபோலத்தான் இதுவும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒருமுறை கொடியில் காய்ந்த என் சிவப்புத் துண்டு படத்தில் விழுந்துவிட்டது. எல்லைக்கொடி நட்டது நல்ல ஏற்பாடு என்று மேலாளர் பாராட்டினார்.

சந்தேகப்பட்டவர் ஒருவர் உண்டென்றால் அது கெமிஸ்ட் அம்மாதான். செடிகளுக்கு நான் டீத்தூளும் முட்டை ஓடும் போடுவது வழக்கம். அதை மறந்துவிட்டேன். ஒருநாள் அவர் பூதக்கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கி, "சார், அந்த எடத்துல யாரு டீ குடிக்கிறா?" என்று கேட்டார்.

"காவலாளிம்மா."

"முட்டையும் சாப்பிடுவாரா?"

"உழைக்கிற ஆளும்மா அவரு."

அவர் ஜாடியின் சீட்டை ஒருமுறை படித்தார். பிறகு, முட்டை ஓட்டில் குரோமியம் இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அந்த நிலத்தில் காவலாளி யாரும் கிடையாது. காவல் காக்க அங்கே என்ன இருக்கிறது.

மண் குணமான பிறகு நிலத்தை மனை மனையாகப் பிரித்தார்கள். சாலை போட்டார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள், முலாம் ஆலையின் பின்பக்கத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்தார்கள். இதெல்லாம் வேறு இலாகாக்களின் வேலை. என் வேலை மண் எடுப்பதோடு முடிந்தது.

அப்போதுதான் அக்கா போன் செய்தாள். அக்காவும் மாமாவும் காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்தவர்கள். எல்லா வீட்டுக்காரர்களும் சொல்லிவைத்தாற்போல, சுவர் ஈரமாகும், செடி வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். அவளுக்குச் சொந்த வீட்டைவிடச் சொந்த மண் ஒரு துண்டு வேண்டும் என்பதுதான் ஆசை. அந்தப் பேச்சை நான் அப்படியே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

"டேய் சோப்பு, அந்தப் பேட்ட நெலத்துல மனை போடுறாங்களாமே. நீ மண்ணெடுத்த எடந்தானே? வாங்கலாமாடா?"

"ரிப்போர்ட் நல்லாத்தான் வந்திருக்கு அக்கா."

"ரிப்போர்ட்ட விடு. நீ என்ன சொல்ற?"

"நான் வேற, ரிப்போர்ட் வேறயா அக்கா?"

"அது போதும்டா எனக்கு" என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வாங்காதே என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், உலகத்தில் என்னைப் பெரிய ஆள் என்று நினைக்கிற ஒரே ஜீவன் அப்படி நினைப்பதை நிறுத்திவிடும். என் தம்பி மண்ணைப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவான் என்று பக்கத்து வீட்டிலெல்லாம் பீற்றிக்கொள்கிறவள் அவள். ஒரு மனிதனுக்கு அப்படி ஒரு அக்காவாவது வேண்டாமா.

வீடு கட்டிக் குடிபோனார்கள். நான் போகும்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோவேன், எதையும் சாப்பிட மாட்டேன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் யோசிப்பேன். டாக்டர் ஏதோ பத்தியம் சொல்லியிருக்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். வாரா வாரம் கட்டுக்கட்டாகக் கீரை கொடுத்தனுப்புவாள். உணவை வீணாக்கக் கூடாது என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள். அதனால் அதைக் கீழ்வீட்டில் தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற தபால்காரருக்குக் கொடுத்துவிடுவேன். அவர் என்னை நன்றாக இருக்கச் சொல்லி வாழ்த்துவார். அந்த வாழ்த்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

அக்காவின் பேத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடக்கப் பழகியிருந்த நேரம். கொத்திக் கொத்தித் தின்பதால் அவளுக்குக் 'குருவி' என்று பெயர். ஒருநாள் நான் போனபோது தோட்டத்தில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பல்லெல்லாம் கறுப்பு. என்னைப் பார்த்துச் சிரித்து, கையிலிருந்ததை எனக்கும் நீட்டினாள். அக்கா அவளைத் தடுக்கவில்லை. "தின்னட்டும் விடு. ஒங்க சின்னத் தாத்தா டெஸ்ட் பண்ணின மண்ணுதானேடி" என்று குழந்தையிடமே சொன்னாள்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் வாயைக் கழுவினேன். ஒருமுறை இல்லை, பலமுறை. அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு தண்ணீரை என் மேலேயே துப்பினாள். "எந்த மண்ணையும் தின்னக் கூடாதுக்கா. பொதுவா" என்றேன். அந்தப் 'பொதுவா' என்ற சொல்லை நான் எவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடி எடுத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அடுத்த நாளே இரும்புச்சத்து டானிக் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். தோட்டம் முழுக்க என் செலவிலேயே சிமெண்ட் போட்டுத் தருகிறேன் என்று மன்றாடினேன். "மண்ணுக்காகத்தானேடா இங்க வந்தோம், கிறுக்கா" என்று அக்கா சிரித்தாள். நான் என்ன முயற்சி செய்யவில்லை, சொல்லுங்கள். ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர எல்லாம் செய்தேன்.

இதற்கிடையில் என் தொட்டிகளுக்கு ஒரு கஷ்டம் வந்தது. பருவம் தவறாமல் ஜாடி ஜாடியாக அள்ளியதில் மண் குறைந்துபோய், செடிகள் கிணற்றுக்குள் நிற்பதுபோல நின்றன. ஒருநாள் வீட்டுக்கு வந்த அக்கா மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "என்னடா தொட்டியெல்லாம் பாதி காலியா கெடக்கு. நீயும் மண்ணு திங்கிறியா? குருவியும் நீயும் ஒரே ரகமா?" என்று கேட்டாள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

சில நாள் கழித்து ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் தொட்டிகளெல்லாம் நிரம்பியிருந்தன, விளிம்பு வரைக்கும். நல்ல கறுப்பு மண். கடையில் வாங்கினாயா என்று மனைவியிடம் கேட்டேன். "ம்" என்றாள். என் கஷ்டத்தைப் புரிந்துகொண்டாளே என்று பாராட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பாராட்டியது குறைவு, கிடைத்ததை அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

அந்த வருஷம் தக்காளி காய்த்தது பாருங்கள். ஒவ்வொன்றும் கை கொள்ளாது. சாயங்காலமானால் உப்பைத் தொட்டுக்கொண்டு மாடியிலேயே நின்று தின்பேன். சந்தையில் விற்பதை நம்பி எப்படிச் சாப்பிடுவது, எந்த மண்ணில் விளைந்ததோ. இதென்றால் மண் எதென்று எனக்குத் தெரியும்.

வீடுகள் வந்த பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது விதி, அந்தச் சோதனை வந்தது. நானும் வழக்கம்போல மாடியில் பூட்ஸ் போட்டுக்கொண்டு மண்ணெடுத்துக் கொடுத்தேன். கெமிஸ்ட் அம்மா போன் செய்தார். "சார், இந்தத் தடவ டீத்தூளக் காணோம்" என்றார். நான் நிம்மதியாகச் சிரித்தேன். "மத்ததெல்லாம் இருக்கு சார்" என்றார்.

எல்லா ஜாடியும் கெட்டிருந்தது. குரோமியம், சாது இல்லாத அந்த வகை. கசடு எண்ணெய். நான் முதன்முதலில் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தபோது வந்ததைவிட அதிகம். திரும்பப் பாருங்கள் அம்மா, கருவியில் கோளாறாக இருக்கும் என்று சண்டை போட்டேன். ஆய்வகத்தின் தரமே போய்விட்டது என்றுகூடச் சொன்னேன். அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். மேலே தகவல் போய், வேறொரு குழு நேராகப் பேட்டைக்குப் போய் மண்ணெடுத்தது. ஊஞ்சலுக்குக் கீழேயும் எடுத்தார்கள். அதே முடிவு.

பேட்டை மண் கெட்டதில் ஆச்சரியம் இல்லை, அது எனக்கு எப்போதும் தெரியும். என் மாடி மண் எப்படிக் கெட்டது என்பதுதான் புரியவில்லை.

அதற்குள் நான் பெரிய மனிதனாகிவிட்டேன். உண்மையை வெளியே கொண்டுவந்தவன் என்று பத்திரிகைக்காரர்கள் தேடி வந்தார்கள். மேலாளர் நீண்ட விடுப்பில் போனார். பழைய முடிவுகளையெல்லாம் கெமிஸ்ட் அம்மாதான் திருத்தினார் என்று சொல்லி அவரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். அவர் அத்தனை வருஷம் குனிந்தே வேலை பார்த்தவர், கழுத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அக்கா போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள். குருவிக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்காகவும்தான். ஆனால் முதலில் கேட்டது வேறு.

"டேய், அந்தத் தொட்டித் தக்காளிய நீ தின்னியாடா?"

"தின்னேன்க்கா. ஏன்?"

"ஐயோ, எங்க தோட்டத்து மண்ணத்தான்டா நானும் மாமாவும் மூட்ட கட்டிக் கொண்டாந்து போட்டோம். ஒனக்குத் தெரிய வேணாம், ஆச்சரியப்படட்டும்னு ஒம்பொண்டாட்டிகிட்ட சொல்லிவச்சேன். எந்தம்பிக்கு நானே வெசம் வச்சிட்டேனேடா."

நான் மாடியில் இருந்தேன். தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அழுது ஓயும்வரை பொறுமையாகக் கேட்டேன். பிறகு சொன்னேன்: "பரவால்லக்கா. தெரியாமத்தானே செஞ்ச."

ஆமாம், நான் அவளை மன்னித்துவிட்டேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவன் இல்லை நான்.

இதையெல்லாம் கெமிஸ்ட் அம்மாவைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. அதுவும் ஒரு காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. மாதிரிகளை மாற்றியது நான்தான், ஒவ்வொரு முறையும் தெரிந்தேதான் மாற்றினேன். அந்த அம்மாவுக்கும் மேலாளருக்கும் தெரியாது. மனைவி படம் மட்டும்தான் எடுத்தாள். ஆனால் இன்றைக்கே இதைச் சொல்ல வந்ததற்குக் காரணம், அந்தக் குடியிருப்பில் நடக்கிற மருத்துவ முகாம். ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், கெட்டது இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் தொடர்ந்து கவனிக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் டோக்கன் கொடுக்கிறார்கள். நேற்றுப் போய்க் கேட்டேன். நீங்கதான் அங்க இல்லையே சார், அந்த மண்ணு ஒங்களுக்கு எப்படிப் பட்டுச்சு என்று கேட்டார்கள். நான் அங்கே போய் மண்ணெடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன் என்பதைச் சொல்லாமல், மண் என் மாடிக்கு வந்த கதையை எப்படிச் சொல்வது. அதனால்தான் முழுக்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் டோக்கன் கிடைத்துவிடும். கீழ்வீட்டுத் தபால்காரருக்கும் ஒன்று போட்டுக் கொடுங்கள், அவர் என்னைவிட அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறார்.

அக்கா இப்போது அந்த வரிசையில்தான் நிற்கிறாள், இடுப்பில் குருவியோடு. அவளுக்குப் பின்னால் எனக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்கூடப் போனில், "நீ வந்து முன்னால நில்லுடா, ஒனக்குத்தான் சின்ன வயசிலேருந்து ஒடம்பு தாங்காது" என்றாள். அவளிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன், குழந்தையின் முடிவு வந்த பிறகு, அது நல்லபடியாக இருந்தால்.

இன்னொன்று. ரத்தம் எடுக்கிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். என் புட்டியில் போவது என் ரத்தம்தானா, சீட்டைச் சரியாக ஒட்டுகிறார்களா என்று நான் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். உயிர் விஷயம் பாருங்கள், இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை.